எத்தனை காய் வைப்பாய், சுலக்ஷனா?

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கை வரலாறா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். பூண்டுலோயாவுக்கு மேலே, பனி இறங்கினால் அடுத்த வீட்டுக் கதவு தெரியாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போய், அதை சுலக்ஷனாவின் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும். யார் எந்தக் கதையோடு வந்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" தலை நரைத்தவர்கள்கூட அந்தக் கேள்விக்குப் பிறகு கதையில் பாதியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பிறக்கும்போதே அவள் இப்படிப் பிறந்துவிடவில்லை. ஐந்து வயதில், தோட்டத்து ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் அவளைப் போலக் கதை அளக்கிற பிள்ளை இருந்ததில்லை. பொய் சொல்கிறாள் என்று குற்றம் சொல்லவும் முடியாது. சொன்னதை முதலில் நம்புகிறவள் அவளாகவே இருந்தாள். அம்மா பிரியந்தி மலையில் கொழுந்து பறித்துவிட்டுக் கூடையும் கையுமாகத் திரும்பும்போது, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுலக்ஷனாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய கல்யாணத்துக்கு யார் என்ன நிறச் சேலையில் வந்தார்கள், கோயில் பூசையில் யார் யாரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையான அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி மூக்கில் விரல் வைத்து, இந்தப் பிள்ளையின் மண்டைக்குள் யாரோ கேமரா வைத்திருக்கிறார்கள் என்பாள். கொழும்பில் சாமான் கடையொன்றில் வேலை செய்யும் அப்பா ஜீவராஜும் போனில் மகளின் கெட்டித்தனத்தைக் கேட்டுப் பூரித்துப்போவார்.

புகழ்கிறவர்களுக்கு என்ன, புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பிள்ளையின் ஞாபகத்தை ஓயாமல் புகழ்ந்தால், 'தெரியாது' என்று சொல்ல அதற்கு நாக்கு எழாமல் போய்விடும். சுலக்ஷனாவுக்கு அதுதான் நடந்தது. எதைக் கேட்டாலும் மனசுக்குள் ஒரு படம் ஓடி வந்து நிற்கும். வந்ததை அப்படியே எடுத்து நீட்டுவாள். அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களும் கேட்கவில்லை.

கேட்டவன் தனுஷன். அதே லயத்துப் பையன், அவளைவிட ஒரு வயது மூத்தவன், எதையும் லேசில் நம்பாத ஜென்மம். கோயிலுக்குப் பின்னால், கவாத்துக் கத்தி படாமல் மரமாகவே வளர்ந்துவிட்ட பழைய தேயிலைகள் சில நிற்கின்றன. அவற்றின் அடியில் உதிர்ந்து கிடக்கும் தேயிலைக்காய்கள்தான் லயத்துப் பிள்ளைகளின் சொத்து. தனுஷனும் கூட்டாளிகளும் அவற்றை வைத்து ஒரு விளையாட்டு விளையாடிவந்தார்கள். போன திருவிழாவில் கரகம் எடுத்தவர் கட்டியிருந்த வேட்டிக்கு என்ன கரை என்பது போல ஒருவர் கேட்பார். ஞாபகம் இருக்கிறவர்கள் பதிலைச் சொல்லிக் காய் வைக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியும் என்றால் கை நிறைய வைக்கலாம். சந்தேகம் என்றால் ஒன்றே ஒன்று. பதில் சரி என்றால் வைத்த அளவு மேலே வரும், தப்பென்றால் வைத்தது போகும். தீர்ப்புச் சொல்வது தனுஷனின் அண்ணன் போனில் இருக்கும் படம். படம் இல்லாத விஷயத்துக்குக் காய் வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

சுலக்ஷனா சேர்ந்த முதல் நாளே பாவாடை நிறையப் பொறுக்கி வந்ததை எல்லாம் தோற்றாள். கேள்வி முடிவதற்குள் கை நிறைய அள்ளி வைத்துவிடுவாள். ஒன்று வைப்பது என்றால் அவளுக்கு மானப் பிரச்சினை. வேட்டிக் கரை பச்சை என்று அடித்துச் சொன்னாள்; போனில் சிவப்பாக இருந்தது. போன் பழுது என்று சண்டை போட்டாள். மறுநாள் மறுபடி பொறுக்கி வந்தாள், மறுபடி தோற்றாள். மண்டைக்குள் கேமரா இருக்கிற பிள்ளை இப்படித் தோற்பதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகளெல்லாம் வேலை மெனக்கெட்டு வந்து குந்திக்கொள்ளும்.

கடைசியில் அவளை ஆட்டிப்பார்த்தது ஒரு நாயின் கதை. லயத்தில் டைகர் என்றொரு நாய் இருந்தது. பேர்தான் டைகர், ஒரு நாள் விடியப்புறம் உண்மையான சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதைத் தன் கண்ணால் பார்த்ததாக சுலக்ஷனா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வாசலில் சிவப்புக் கவுனோடு நின்றது, சிறுத்தையின் வால் வேலிக்கு மேலே வளைந்து மறைந்தது, சங்கிலி அறுந்த சத்தம் என்று எல்லாமே அவளுக்கு மனப்பாடம். தனுஷன் அண்ணனின் போனைக் கொண்டுவந்தான். அன்று காலையில் அறுந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு லயமே நின்று எடுத்த படம் அதில் இருந்தது. சுலக்ஷனா அதில் இல்லை. அவள் அம்மாவிடம் ஓடினாள். பிரியந்தி அரிசி களைந்தபடியே, நாய் போன அன்று நாம் றொசல்லயில் மாமா வீட்டில் அல்லவா இருந்தோம், உன் தங்கச்சி பூரணி பிறந்த வாரம் அல்லவா அது என்றாள். கதையைப் பிறகு ராக்காயி வந்து சொன்னாளாம்.

அன்று சுலக்ஷனா சாப்பிடவில்லை. காய் போனதற்காக அவள் அழவில்லை. அந்த வால் அத்தனை தெளிவாகத் தெரிகிறதே, அது எப்படிப் பொய்யாகும்? இத்தனை தெளிவான படமே பொய் என்றால் தலைக்குள் இருக்கும் மற்ற எதைத்தான் நம்புவது? ஏழு வயதில் ஒரு பிள்ளைக்கு வந்த பயம் அது. பெரியவர்கள் பலருக்குச் சாகும்வரைக்கும் அந்தப் பயம் வருவதில்லை. வந்தால் அவர்கள் வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

பயம் தெளிந்த பிறகு அவள் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாள், மலைத் தண்ணீர் குழாயாக வந்து கொட்டும் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. அந்தப் படத்தில் சிவப்புக் கவுன் போட்ட சுலக்ஷனா வாசலில் நிற்பது தெரிகிறது. தன்னைத் தானே எப்படி எதிரே நின்று பார்க்க முடியும்? அப்படியென்றால் அதைப் பார்த்தது அவள் கண் இல்லை. ராக்காயி சொல்லச் சொல்ல அவளே வரைந்துகொண்டது. பிறகு, பூரணியை முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்ட நாளை நினைத்துப் பார்த்தாள். அதில் தன் முகம் தெரியவில்லை. குழந்தையின் மூக்கு தெரிந்தது, மாமி வீட்டுக் கம்பளிச் சட்டை கழுத்தில் அரித்தது. அந்த அரிப்பை யாரும் அவளுக்குக் கதையாகச் சொல்லியிருக்க முடியாது. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

கதைக்கு உதவாத ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பார்த்தது. அதுதான் அவள் கண்டுபிடிப்பு. தனுஷனிடம் சொன்னாள். அவனா நம்புவான்? ஒரு மாதம் வைத்துச் சோதித்தான். சில தடவை அதுவும் காலை வாரிவிட்டது. பார்த்ததுதான், ஆனால் பார்த்த நாள் வேறு என்று ஆகிப்போனது. அதனால் எந்த நாள் என்பதற்கும் தனியாக அடையாளம் தேட வேண்டும் என்று சுலக்ஷனா பாடத்தைத் திருத்திக்கொண்டாள்.

அதன்பின் அவள் விளையாட்டே மாறிப்போனது. கேள்வி கேட்டால் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நிற்பாள். பிறகு ஒரு காய் வைப்பாள். இல்லையென்றால் கை நிறைய. சில நேரம் "எனக்குத் தெரியாது" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள், அதையும் ஏதோ வெற்றி போல. பரணில் கிடந்த பால்மாத் தகரப் பேணி தேயிலைக்காயால் நிரம்பி வழிந்தது. தனுஷன் கடனாகக் கேட்கும் நிலைக்கு வந்தான். ராக்காயிக்குத்தான் மனத்தாங்கல். எதைக் கேட்டாலும் தெரியாது, நிச்சயமில்லை என்கிறதே பிள்ளை, கேமரா கெட்டுப்போச்சு என்று பீலியடியில் புலம்பினாள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அந்தக் கேமராவை லயமே தேடி வந்தது.

மத்தியானத்திலிருந்து விடாமல் மழை. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றார்கள். கொழுந்து லொறி பின்கதவை மடுவத்துத் திண்ணையோடு ஒட்டித் திறந்துபோட்டு, தார்ப்பாய்ப் படங்கை மேலே இழுத்துவிட்டு நின்றது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து பூரணியைக் கூட்டிவருவது சுலக்ஷனாவின் வேலை. அன்றும் கூட்டிக்கொண்டு மடுவத்துத் தாழ்வாரத்துக்கு வந்தாள். தனுஷன் ஒரு கேள்வியோடு அங்கே காத்திருந்தான். கேள்விக்குக் காயை அள்ளியவள் தங்கச்சியின் கையை விட்டாள். பனி இறங்கியது, லொறி போனது, வரிசை கலைந்தது. பிரியந்தி கூடையின் தலைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வந்து, தங்கச்சி எங்கே என்றாள்.

பூரணிக்கு நாலு வயது. தினமும் பிள்ளைக்காம்பரா விட்டதும் மஞ்சள் போத்தலைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பது அவளுடைய ராஜாங்கம். சுலக்ஷனாவின் மனசில் படம் ஓடி வந்து நின்றது: மஞ்சள் போத்தலோடு பூரணி பீலிப் பாதையில் இறங்கிப் போகிறாள். பதறிய வாய் அதை அப்படியே சொல்லிவிட்டது. பீலிக்குக் கீழே ஓடை, ஓடையில் மழை வெள்ளம். அவ்வளவுதான், இருந்தவர்களெல்லாம் ஓடினார்கள். போகிற வழியிலேயே ராக்காயி, ஆமாம், நானும் பார்த்தேன், போத்தலோடுதான் போனது பிள்ளை என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை, பாவம். கேட்டதும் அவளுக்கும் படம் ஓடி வந்துவிட்டது.

ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கங்காணி வீரய்யா கயிறு கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பிரியந்தியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுலக்ஷனா பீலியடியில் மஞ்சள் போத்தலைத் தேடினாள். போத்தல் அங்கே இல்லை. கண்ணை மூடினாள். படம் மறுபடி வந்தது, எவ்வளவு தெளிவாக வந்தது! பூரணியின் போத்தலில் வெயில் பட்டு மினுங்கியது.

வெயிலா? இன்றைக்கு ஏது வெயில்?

அது நேற்று. நேற்றைய பூரணியைத் தேடி எல்லாரும் இன்றைய ஓடைக்குள் இறங்கியிருக்கிறார்கள், அவள் சொல்லைக் கேட்டு. இதை இப்போது எப்படிச் சொல்வது? சும்மா இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பயம் யாரைத்தான் விட்டது. இன்றைக்கு, இன்றைக்கு என்று அவள் தலைக்குள் தேடினாள். மழைச் சத்தம், லொறியின் பின்சக்கரம், ஈரப் படங்கின் வாடை. சக்கரத்துக்குப் பக்கத்தில் பூரணி நின்று, இந்த லொறி அப்பாகிட்ட போகுமா என்று கேட்டது. அவள் கன்னத்தில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது. துடைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கை நிறையக் காய் இருந்ததால் துடைக்கவில்லை.

அவள் கங்காணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, நான் சொன்னது தப்பு. அது நேத்து. இன்னைக்கி அவ பீலிக்கு வரல."

வீரய்யா வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டார். நேரத்துக்கு ஒன்றாகப் பேச இது விளையாட்டா என்று சீறினார். பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ராக்காயியைக் காட்டினார். ராக்காயியும் பார்த்தேன் பார்த்தேன் என்று அழுதாள். ஆனாலும் சுலக்ஷனா நகரவில்லை.

பிடித்திருந்த பெண்களை உதறிவிட்டுப் பிரியந்தி வந்தாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். தினமும் காம்பரா மூலையில் தேயிலைக்காய் கூட்டிப் பெருக்கிக் கைசலித்த தாய் அவள். ஆனால் அந்த விளையாட்டு என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"பீலிக்கு எத்தன காய் வைப்ப?"

"ஒண்ணுகூட வைக்க மாட்டேம்மா."

"பின்ன எதுக்கு வைப்ப?"

"லொறிச் சக்கரத்துக்கிட்ட நின்னா. அப்பாகிட்ட போகுமான்னு கேட்டா. கன்னத்துல கொழுந்து ஒட்டியிருந்திச்சி. அதுக்குப் பேணியோட எல்லாத்தையும் வைப்பேன்." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா ஏறினத நான் பாக்கலம்மா. ஏறினான்னு சொன்னா, அது நானா சேக்கிறது."

பிரியந்தி மகளின் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை நம்பவைத்தது. தெரியாததைத் தெரியாது என்கிற பிள்ளை, தெரியும் என்பதைச் சும்மா சொல்லாது. அவள் கங்காணியிடம் திரும்பி, "லொறி டிரைவருக்குப் போன்ல கோல் எடுங்க" என்றாள். கெஞ்சலாக இல்லை, உத்தரவாகவே சொன்னாள்.

ஓடையில் தேடுகிறவர்கள் தேடட்டும் என்று விட்டுவிட்டு வீரய்யா கோயில் மேட்டுக்கு ஓடினார். பனி நாளில் அங்கே மட்டும்தான் போனுக்குச் சிக்னல் வரும். பின்னால் பிரியந்தி, அவள் பின்னால் சுலக்ஷனா. எல்லாருக்கும் ஒரே யோசனைதான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லொறி நேரே தேயிலை அரைக்கும் ஆலைக்கு, ஸ்டோருக்குப் போகாது. கீழ் டிவிஷன் மடுவத்தில் நின்று அங்குள்ள கொழுந்துச் சாக்குகளையும் ஏற்றும். ஏற்றுகிறவர்கள் பார்த்து அடுக்க மாட்டார்கள், மழையில் அவசர அவசரமாகத் தூக்கி எறிவார்கள். ஈரக் கொழுந்துச் சாக்கு பெரிய ஆளையே சாய்த்துவிடும் பாரம்.

முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவை டிரைவர் நல்லமுத்து எடுத்தார். லோட் ஏற்றுகிற நேரத்தில் என்ன என்று அலுத்துக்கொண்டார். வீரய்யா சத்தம் போட்டதில் போனே தேவைப்பட்டிருக்காது. "ஏத்தாத! ஒண்ணும் ஏத்தாத! படங்கத் தூக்கிப் பாரு!"

பிறகு போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிரியந்தி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டாள். சுலக்ஷனா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சாமியை நினைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சரியாக இருக்கட்டும், சரியாக இருக்கட்டும் என்று ஒரே நினைப்பு.

நல்லமுத்துவின் குரல் திரும்பி வந்தபோது அதில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மூலையில், கொழுந்துச் சூட்டில், இரண்டு சாக்குகளுக்கு நடுவே பிள்ளை நல்ல நித்திரை. அவர்கள் எறியத் தூக்கிய சாக்கு இன்னும் ஆட்களின் தோளில்தான் இருக்கிறது.

லொறி திரும்பி மலை ஏறியபோது நல்லமுத்து ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வளைவுக்கு வளைவு அந்தச் சத்தம் பனியைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. ஓடையில் நின்றவர்கள் சொட்டச் சொட்ட ஏறி வந்தார்கள். கோயில் மணியை யாரோ அடித்தார்கள், யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடித்தார்கள், திருவிழா போல லயமே மடுவத்து வாசலுக்கு வந்துவிட்டது. முன் சீட்டில் நல்லமுத்துவின் சட்டையைப் போர்த்திக்கொண்டு, தூக்கம் கலைந்த எரிச்சலோடு பூரணி உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் போகாமல் வண்டியைத் திருப்பிவிட்டார்கள் என்று அவளுக்குக் கோபம்.

பிரியந்தி அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்து அழுது தீர்த்தாள். வீரய்யா ஓங்கிய கையை நினைத்தோ என்னவோ, அதே கையால் சுலக்ஷனாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சீட்டி பறந்தது. தனுஷன் தன் பையில் மிச்சமிருந்த காய்களையெல்லாம் கங்காணியின் தோளைப் பார்த்து வாரி இறைத்தான். காய் போனதற்காக அவன் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ராக்காயி அதற்குள் கதையைத் தொடங்கிவிட்டாள். லொறியில் ஏறியதை இந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததாம், ஒன்றும் விடாமல் சொன்னதாம், மண்டைக்குள் கேமரா என்று தான் அன்றைக்கே சொன்னதாம். அவள் பூரணியின் முகத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். கன்னத்தில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா, அதே கொழுந்து!"

கங்காணியின் தோளிலிருந்து சுலக்ஷனா குனிந்து பார்த்தாள். பூரணியின் தலையில், காதில், கழுத்தில், சட்டைக்குள் என்று கொழுந்து ஒட்டாத இடமில்லை.

"நான் ஏறினதப் பாக்கல," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "கன்னத்துல கொழுந்து இருந்திச்சி, அது நெசம். இது அதே கொழுந்தான்னு கேட்டா, ஒரு காய்தான் வைப்பேன்."

முதலில் பிரியந்திதான் சிரித்தாள், கண்ணீரோடு. அப்புறம் மடுவத்து வாசலே சிரித்தது. சுலக்ஷனா தோளிலிருந்து இறங்கி வந்து, வெறுங்கையால் தங்கச்சியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.